ஸ்பாக் சிரித்தது ஏன்?

ஒரு சிரிப்பு, அறுபது ஆண்டுகளாக வழக்கு மன்றத்தில் நிற்கிறது!

சிரித்தவன் மண்ணுலக மாந்தனல்லன். வல்கன் என்னும் கோளைச் சேர்ந்தவன். தந்தை அக்கோளினர், தாய் நம் உலகத்துப் பெண். உணர்ச்சியை அடக்கி, அறிவின் ஆணைக்கு மட்டுமே அடிபணிபவன் என்று பெயர் பெற்றவன். கூரிய செவி, மேல்நோக்கி ஏறிய புருவம், நெகிழாத முகம். அவன்தான் ஸ்பாக். அந்த ஸ்பாக், வேற்றுக் கோள் ஒன்றில் நீலநிறச் செடி அதிர்ந்து இசையெழுப்பக் கண்டு, குழந்தைபோல் பல் தெரியச் சிரித்துவிட்டான். ஏன் சிரித்தான்?

'இதுவும் ஒரு வழக்கா?' என்று கேட்போர், 'ஸ்டார் டிரெக்' சுவைஞர்களை அறியாதவர்கள். ஜீன் ராடன்பெரி படைத்த அந்த அறிவியல் புனைகதைத் தொடர், 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, 79 பகுதிகள் நடந்து, 1969 ஜூன் 3 அன்று முடிந்தது. ஆனால் ஓயவில்லை. 1979 முதல் திரைப்படங்களாகவும், 1987 முதல் புதுப்புதுத் தொடர்களாகவும் கிளைத்தது. முதல் தொடர் இரண்டாம் ஆண்டோடு நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, மடல்மேல் மடலாக எழுதிக் குவித்து, மூன்றாம் ஆண்டுக்காகப் போராடியவர்கள் சுவைஞர்களே. கதையைக் காத்தவர்கள், கதையின் ஒழுங்கையும் காப்போம் என்கிறார்கள். அந்த உரிமையை நாம் மறுக்கவில்லை.

அவர்கள் கண்டெடுத்த முரண்கள் கொஞ்சமல்ல. தொடக்கக் கதைகளுள் ஒன்றில், கப்பற்றலைவன் கிர்க்குக்கென எழுப்பிய கல்லறைக் கல்லில் பெயரின் நடுவெழுத்து 'ஆர்'. பிறகு வந்த கதைகளிலெல்லாம் 'டி'! கிளிங்கான் என்னும் வேற்றினத்தார் 1967-ல் வழவழப்பான நெற்றியோடு வந்தனர். 1979-ல் மேடும் பள்ளமுமான நெற்றியோடு வந்தனர். ஸ்பாக்குக்கு 1989-ல் திடீரென ஓர் அண்ணன் முளைத்தான். 2017-ல் ஒரு வளர்ப்புத் தமக்கை முளைத்தாள். அதுவரை அவ்விருவரைப் பற்றியும் அவன் மூச்சுக்கூட விட்டதில்லை!

நன்னூல் பயின்றோர் வழாநிலையும் அறிவர், வழுவும் அறிவர், வழுவமைதியும் அறிவர். வழுவேயாயினும், ஒரு காரணம் காட்டி 'அமையும்' என்று ஏற்றுக்கொள்வது வழுவமைதி. ஸ்டார் டிரெக் உலகமும் அவ்வழியே சென்றது. கல்லில் எழுத்துப் பிழைத்ததா? பொறித்தவன் தவறிவிட்டான்! நெற்றி மாறியதா? மரபணு ஆய்வு பிழைத்து, நோயாகப் பரவி நெற்றியை மாற்றியது என்று 38 ஆண்டுகள் கழித்து, 2005-ல், தொடரிலேயே கதை கட்டினர். தமக்கையைப் பற்றி ஏன் பேசவில்லை? பேசக்கூடாது என்று ஆணையிட்டுவிட்டனர் என 2019-ல் ஒட்டுப் போட்டனர்.

முரணைக் காணும் கண் நல்ல கண். 'முன்பு ஒன்று சொன்னாய், இப்போது வேறொன்று சொல்கிறாயே' என்று ஆசிரியனையே மடக்கும் சுவைஞன், கைதட்டிக் கலையும் சுவைஞனைவிட உயர்ந்தவன். ஆனால் ஒரு குறை. எது அதிகாரம் பெற்ற கதை, எது பெறாதது என்பதற்கு அவர்கள் வழங்கும் சொல் 'கேனன்'. கிறித்துவத் திருச்சபை, ஏற்கத்தக்க மறைநூல்கள் இவை என வரையறுத்தபோது ஆண்ட சொல் அது. சொல்லோடு அந்த மனநிலையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்று நாம் ஐயுறுகிறோம். மறைநூலில் முரண் கண்டால் பற்றாளன் நூலுக்குள்ளேயே விடை தேடுவான். எழுதியவன் கையைப் பார்க்கமாட்டான். நாம் கையைப் பார்ப்போம்.

ஸ்பாக் சிரித்தது ஏன்? 'இளமைத் துடிப்பு' என்கிறது ஒரு சாரார் அமைதி. 2022-ல் தொடங்கிய 'ஸ்டிரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில் இளைய ஸ்பாக் காதலிக்கிறான், தடுமாறுகிறான், நகைப்புக்கும் இடமாகிறான். 'இவனா எங்கள் ஸ்பாக்?' என்று ஒரு சாரார் சினக்க, 'அன்றே சிரித்தவனாயிற்றே!' என்று மறுசாரார் அந்தப் பழைய சிரிப்பைச் சான்றாக நீட்டுகின்றனர்.

உண்மை விடை கதைக்கு வெளியே கிடக்கிறது. சிரிப்பு இடம்பெற்றது 'தி கேஜ்' என்னும் முதல் முன்னோட்டப் படத்தில். 1964-ன் இறுதியில் எடுக்கப்பட்டது. அதில் கப்பலின் இரண்டாம் தலைமை ஒரு பெண். மேஜல் பாரெட் என்னும் நடிகையார் ஏற்ற பாத்திரம். அமைதி, கூர்மை, உணர்ச்சிக்கு ஆட்படாத நிதானம் ஆகிய அனைத்தும் அவளுடையவை. பெயர்தான் இல்லை, 'நம்பர் ஒன்' என்ற பதவிச் சொல்லே பெயர். அந்தப் படத்தை நிறுவனம் ஏற்கவில்லை. இரண்டாம் முன்னோட்டம் எடுத்தபோது அவள் இல்லை, ஸ்பாக் இருந்தான். அவளுடைய நிதானத்தை எடுத்து அவனுக்கு அணிவித்தார்கள்.

ஸ்பாக் சிரித்தான், ஏனெனில் அறிவின் முகம் அன்று அவனுடையதன்று. அது ஒரு பெண்ணின் முகமாக இருந்தது!

அவளை நீக்கியவர் யார்? நிறுவனம் பெண்ணை அப்பதவியில் ஏற்க மறுத்தது என்றார் ராடன்பெரி. தயாரிப்பில் உடனிருந்த ஹெர்பர்ட் சோலோ, ராபர்ட் ஜஸ்ட்மன் இருவரும் 1996-ல் எழுதிய நூலில், பெண்ணை நிறுவனம் மறுக்கவில்லை, அந்த நடிகையைத்தான் மறுத்தது என்றனர். இரண்டையும் வைத்தே கேட்போம். நடிகைதான் குறையென்றால், அமெரிக்க நாட்டில் வேறு நடிகையே இல்லையா? அந்த நாற்காலி வேறொரு பெண்ணுக்குத் தரப்படவில்லையே! அதே மேஜல் பாரெட் தொடருக்குள் மீண்டும் வந்தார். எவ்வாறு? மருத்துவத் தாதியாக, ஸ்பாக்கை எண்ணி ஏங்கும் பெண்ணாக! தன் அறிவைக் கொண்டுபோனவனிடமே காதலுக்குக் கையேந்த வைத்தார்கள். நெற்றி மேட்டுக்கு நடந்த வாதத்தில் பாதியாவது இதற்கு நடந்திருக்க வேண்டாமா?

இன்னொரு முரணையும் பார்ப்போம். 1969-ல் வந்த இறுதிக் கதையில், விண்கலத் தலைமை உலகில் பெண்ணுக்கு இடமில்லை என்று ஒருத்தி குமுறுகிறாள். கதை அவளை வெறிபிடித்தவளாக்கித் தண்டிக்கிறது. பிறகு 1986 திரைப்படத்தில் ஒரு கறுப்பினப் பெண் கப்பற்றலைவியாக வருகிறாள். 1995-ல் ஜேன்வே ஒரு தொடருக்கே தலைவியாகிறாள். 2004-ல், கிர்க்கின் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு முந்திய கதையிலேயே ஹெர்னாண்டஸ் என்னும் தலைவி தோன்றுகிறாள். முரண் முற்றிவிட்டது. 'பித்துப் பிடித்தவள் சொன்னதை ஏன் நம்பவேண்டும்?' என்று அமைதி கூறுகின்றனர் சிலர். வேண்டாம் அந்த அமைதி! மாணவன் கணக்கில் தவறினால், தவறிய இடத்தைக் கோடிட்டு, மறுபடி போடச் சொல்கிறோம். தவறான விடையும் சரியாகிவிடும்படி புதுக் கணிதமா சமைக்கிறோம்? 1969-ல் எழுதியது பிழை என்று சொல்லிவிடுவதே நேர்மை.

அப்படியானால் எந்த மாற்றமும் தகுமா? தகாது. கான் என்னும் பாத்திரம் 1967-ல் வட இந்தியாவைச் சேர்ந்தவன், சீக்கியனாக இருக்கலாம் என்று அறிமுகமானவன். நடித்தவர் மெக்சிகோ நாட்டு ரிக்கார்டோ மாண்டல்பன். அதுவே அரைகுறை நேர்மை. 2013 திரைப்படத்தில் அவன் வெள்ளை ஆங்கிலேயனாகவே வந்துவிட்டான். 'முகத்தை மாற்றிவிட்டார்கள்' என்று சித்திரக்கதை ஒன்றில் ஒட்டுப் போட்டனர். அங்கே தொடர்ச்சியின் பெயரால் கண்டித்தவர்கள் நீதியின் பக்கம் நின்றார்கள். ஆனால் 2017-ல் ஸ்பாக்கின் வளர்ப்புத் தமக்கையாகக் கறுப்பினப் பெண்ணொருத்தி கதைத்தலைவியானபோது எழுந்த கூச்சலில், தொடர்ச்சி என்னும் போர்வைக்குள் வேறொரு வெறுப்பும் ஒளிந்திருந்தது. போர்வையை விலக்கிப் பார்க்க ஒரு கேள்வி போதும்: 1989-ல் முளைத்த வெள்ளை அண்ணனிடமும் இதே அளவு சினந்தாயா? ஆம் என்பவன் தொடர்ச்சியின் காவலன்; அவனோடு வாதிடலாம். இல்லை என்பவன் காப்பது கதையை அன்று.

ஆகவே தோழர்களே, தொடர்ச்சி இருவகை. நெற்றி, எழுத்து, ஆண்டு ஆகியவற்றின் தொடர்ச்சி ஒன்று. அது பிழைத்தால் புன்னகையோடு பொறுக்கலாம். கொள்கையின் தொடர்ச்சி மற்றொன்று. இனமும் பாலும் தகுதியைத் தீர்மானிக்காத நாளைய உலகம் என்று வாக்களித்த கதை, அவ்வாக்கைக் காத்ததா என்பதே அதன் கேள்வி. அதில் பிழைத்தால் பொறுக்கலாகாது.

2022 தொடரில் 'நம்பர் ஒன்' திரும்பி வந்திருக்கிறாள். ஊனா என்று பெயரும் பெற்றுவிட்டாள். தலைமை நாற்காலி இன்னும் ஆடவனிடமே! ஸ்பாக்கின் சிரிப்புக்கு இனியும் அமைதி தேடும் சுவைஞர்கள், ஒருகணம் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும்.