யாரும் வாசிக்காத சுவர்

'ஹோம்லேண்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், 2015 ஒக்டோபரில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயம். சிரிய அகதி முகாம் ஒன்றினூடாகக் கதாநாயகி நடந்து போகிறாள். பக்கத்துச் சுவரில் அறபு எழுத்து. 'வதன்' என்றால் தாயகம். தொடரின் பெயரும் அதுதான். அந்த 'வதன்' இனவாதம் பிடித்தது என்று சுவர் சொல்கிறது. கமெராவும் அதைக் கடந்து போய்விடுகிறது.

முகாம் சிரியாவில் இல்லை. பேர்லினுக்கு வெளியே போட்ட ஸெட். அதற்கு அசல் தோற்றம் கொடுக்க அறபுச் சுவரெழுத்துக் கலைஞர்கள் தேவைப்பட்டார்கள். ஹிபா அமீன், கரம் கப், டொன் கார்ல் ஆகிய மூவர் போனார்கள். முஸ்லிம்களை இந்தத் தொடர் காட்டும் விதத்தில் அவர்களுக்குக் கோபம் இருந்தது. (பெய்ரூட்டின் ஹம்ரா வீதியை ஆயுதக்காரர்களின் தெருவாகக் காட்டிய தொடர் இது. அந்தக் காட்சியை எடுத்ததோ இஸ்ரேலில்!) அரசியல் எழுதக் கூடாது என்பது நிபந்தனை. மூவரும் தொடரையே கிண்டலடித்து எழுதிவிட்டு வந்தார்கள். 'ஹோம்லேண்ட் ஒரு வத்தகப்பழம்' என்பது அதில் ஒன்று. அறபுப் பேச்சுவழக்கில், சும்மா வெற்றுக் கதை என்று பொருள். ஒளிபரப்பான பிறகு அவர்களே விஷயத்தை வெளியிட்டார்கள்.

எழுத்தின் அழகில் இங்கே ஒன்றுமில்லை. அவசரமாக விசிறிய சாதாரணக் கையெழுத்துதான். என் பார்வையில், ஸெட்டிலும் எடிட்டிங் மேசையிலும் ஒருவர்கூட அதை வாசிக்கவில்லை என்பதுதான் ஆக்கமே. அறபு அவர்களுக்கு மொழி அல்ல, பயம் காட்டும் சுவர்த்தாள். சுவரில் எதை எழுதினாலும் அந்த வேலை நடந்துவிடும்.

ஆனால் இதை ஒரு வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. தொடரின் பொறுப்பாளர் அலெக்ஸ் கான்ஸா இந்த நாசவேலையை வியந்து பாராட்டிவிட்டார். அதிகாரம் கேலியையும் இப்படித்தான் விழுங்கி ஏப்பம் விடும். தொடர் இன்னும் மூன்று பருவங்கள் ஓடி, 2020 இல்தான் முடிந்தது.

நம் ஊர்களிலும் சுவர்கள் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பெயர்ப்பலகைகளில் இருந்த அறபு எழுத்துகள் அழிக்கப்பட்டன. அழிக்கச் சொன்னவர்கள் அதில் என்ன இருந்தது என்று வாசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்ததும் பயம், அவ்வளவுதான். அந்த அநியாயத்தை நாம் பேசத்தான் வேண்டும். சொல்லப்போனா, நாமளும் வாசிச்சோமா? ஓதத் தெரியும். ஹரகத் இல்லாவிட்டால் நாக்கு தடுமாறும். பொருள் கேட்டால் மௌலவியைத் தேடுவோம். அந்தப் பேர்லின் சுவர் நம் தெருவில் இருந்திருந்தால், ஏதோ துஆ என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போயிருப்போம்.

எங்க உம்மா, அறபு அச்சடித்த எதையும் குப்பையில் போட விடமாட்டா. சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்த பிஸ்கட் பெட்டியொன்று நெடுங்காலம் அலுமாரிக்கு மேலே இருந்தது. பின்னாளில் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். சீனி எவ்வளவு, மா எவ்வளவு என்று எழுதியிருந்தது.