பழைய சமையலறைக்கு இப்படியொரு களையா!

வீட்டை விற்பதற்கு முன்னால் சமையலறையை இடித்து மாடுலர் கிச்சன் போடலாமா என்று யோசிக்கிறீர்களா? தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். மடிப்பாக்கத்தில் எங்கள் பழைய ஃபிளாட்டை விற்றபோது ஒரு கதவைக்கூட நாங்கள் மாற்றவில்லை. தேய்த்தோம், கழுவினோம், காலி செய்தோம். அதற்கே அந்தச் சமையலறை அப்படி ஜொலித்தது!

எக்ஸாஸ்ட் ஃபேனிலிருந்து ஆரம்பித்தோம். வருஷக்கணக்கான தாளிப்பு அதன் இறக்கைகளில் வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. கொதிக்கிற தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, ஆறி வெதுவெதுப்பானதும் அந்த பிளாஸ்டிக் இறக்கைகளை ஊறப்போட்டேன். சோடாவின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிக் கரைத்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் காப்பி நிறமாகி, இறக்கையின் அசல் வெள்ளை தெரிந்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே! (அலுமினிய இறக்கை என்றால் சோடா வேண்டாம், கறுத்துவிடும்.)

அடுத்தது உப்புக் கறை. போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குழாயெல்லாம் வெள்ளை பூத்திருக்குமே, அதற்கு வினிகர் போல ஒரு வரம் கிடையாது. துணியை நனைத்துக் குழாயில் சுற்றி வையுங்கள். நுனியில் இருக்கும் குட்டிச் சல்லடையையும் கழற்றி ஊறப்போடுங்கள். நூலாக வடிந்த எங்கள் குழாய் அன்றைக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டியது! கடப்பா கல் பக்கம் மட்டும் வினிகரைக் கொண்டுபோகாதீர்கள். அது சுண்ணாம்புக் கல் வகை, புளிப்புப் பட்டால் மெருகு போய்விடும். அந்தக் கல்லில் போட்ட அலமாரித் தட்டுகளுக்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

பூட்டிக் கிடந்த வீடு என்றால் சிங்க் குழாயைத் திறந்து தண்ணீர் விடுங்கள். கீழே வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர் வற்றினால்தான் சாக்கடை வாடையும் கரப்பான் பூச்சியும் மேலே வருகின்றன. சிங்க் ஓரத்தில் இருந்த கசிவைப் பிளம்பரைக் கூப்பிட்டு அடைத்தோம். அதன்மேல் பெயின்ட் அடித்து மறைப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

பிறகு பரண். உடைந்த மிக்ஸி, மூடியில்லாத டப்பா என்று எல்லாம் காயலான் கடைக்குப் போனது. மேடையில் அடுப்பைத் தவிர எதுவும் இல்லை. இவ்வளவு இடம் இத்தனை நாளாக எங்கே இருந்தது!

பார்க்க வந்த குடும்பத்தில் பெரியம்மா ஒருவர் ஹாலில் நிற்கவே இல்லை. நேரே சமையலறைக்கு வந்து, அடுப்பு கிழக்குப் பார்த்து இருப்பதைப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். மேடையை உள்ளங்கையால் தடவிவிட்டு, "கிரைண்டர் எங்கம்மா வைக்கிறது?" என்றார். பிளக் பாயின்டோடு காலியாக இருந்த மூலையைக் காட்டினேன். "பிசுக்கே இல்லையே, நல்லா வச்சிருக்கீங்க" என்று மகனைத் திரும்பிப் பார்த்தார். வீட்டை அவர்கள்தான் வாங்கினார்கள்.

வாங்குகிறவர்கள் மாடுலர் கிச்சனைத் தங்கள் இஷ்டத்துக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். லட்சங்களை நீங்கள் அதில் கொட்டாதீர்கள். சலவை சோடாவும் வினிகரும் வாங்கிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணில் ஏறுங்கள்!