பிரயாணப்படி இல்லாத எழுத்து

கோத்தகிரிக்கு நான் முதன்முதலாக வந்தது ஒரு பத்திரிகையின் செலவில். மூன்று நாள் தங்கி, ஒரு பிரயாணக் கட்டுரையும் ஒரு சிறுகதையும் கொடுப்பதாக ஏற்பாடு. கட்டுரை சுமாராக வந்தது. கதையிலோ, உறைபனி விழுந்த இரவுக்கு மறுநாள் பளிச்சென்று வெயிலடிக்க, கதாநாயகி பச்சைப் பசேலென்று கொழுந்து கிள்ளிக் கூடையை நிரப்பினாள். அது வெளியான பிறகு மறுபடியும் இங்கே வந்தேன். கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் படகர் ஒருவர், வயதானவர், டீக்கடையில் மிக மரியாதையாகக் கேட்டார்: "பனி அடிச்ச தோட்டத்திலே வெயில் ஏறினா இலை கருகிப் போயிடுமே சார், அந்தப் பொண்ணு எதைக் கிள்ளினா?"

எதைக் கிள்ளினாள்? என் பேருக்கு வந்த மணியார்டரைத்தான்.

அந்த வெட்கத்தோடு ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தே'னை மறுபடி எடுத்துப் படித்தேன். 1963-ல் புத்தகமாக வந்த நாவல். படகர்களின் வாழ்வைத் தலைமுறை கடந்து சொல்வது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சிதான் அதில் காலக் கணக்கு. தானியமும் மாடும் இருந்த இடத்தில் தேயிலை வருகிறது, பணம் வருகிறது, பிறகு மின்சாரத்துக்காக மலையையே குடைகிறார்கள். ஊர்க்கோவிலின் நெருப்பைக் காக்கும் பொறுப்பு ஜோகி என்ற சிறுவனிடம் வருகிறது. ரங்கனோ காசைத் தேடி ஊட்டிக்கு ஓடுகிறான். ஒருவன் உள்ளே அடைபடுகிறான், ஒருவன் வெளியே தொலைகிறான். இவ்வளவு எளிமையாக ஒரு சமூகத்தின் இழுபறியை நிறுத்திக் காட்ட, மூன்று நாள் போதாது.

அவருக்கு எப்படிக் கிடைத்தது இந்த அவகாசம்? கணவர் மின்துறைப் பொறியாளர். உத்தியோகம் எந்த ஊருக்குப் போகச் சொல்கிறதோ, அந்த ஊருக்குக் குடித்தனமும் போகும். கனடாவின் உதவியோடு 1950-களில் குந்தா மின் திட்டம் எழும்பிய நீலகிரியில் அவர்கள் குடியிருந்தார்கள். ஊரைத் தேர்ந்தெடுத்தது அவரல்ல. ஆனால் கதைக்காக வந்தவளல்ல என்பதனாலேயே அந்த ஊர் அவருக்குக் கதையைக் கொடுத்தது. பால் வாங்கவும் விறகு வாங்கவும் பேசுகிற பேச்சில் தெரிவது, பேட்டி காணப் போனால் தெரிவதில்லை. அவர் குறிப்பு எடுக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறைய எடுத்திருப்பார். அந்தக் குறிப்புகள் ஊறிப்போக நாள் இருந்தது, அவ்வளவுதான்.

பிற்காலத்தில் அவரே தேடிப் போனார். மீனவர்களிடம் போய் 'அலைவாய்க் கரையில்', தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் 'கரிப்பு மணிகள்'. அந்தத் துணிச்சலுக்கு நம்மில் யாரும் ஈடில்லை. அறையை விட்டு நகராமல் மன ஆழத்தை அளந்துகொண்டிருந்த ஆண் எழுத்தாளர்கள் இவரைத் 'தகவல் சேகரிப்பவர்' என்று ஒதுக்கியது அநியாயம். இருந்தாலும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: 'கரிப்பு மணிக'ளில் சில இடங்களில் பாத்திரம் பேசும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் பாத்திரத்துக்காகப் பேசாமல் நமக்காகப் பேசுகிறது. 'குறிஞ்சித்தே'னின் முற்பகுதியில் அப்படி ஒருவரும் பேசுவதில்லை. பிற்பகுதியில் நியாயம் சொல்லும் ஆவல் கதையை முந்துகிறது, அது வேறு விஷயம்.

வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பிரயாணம், பத்திரிகை வேலை, இதற்கு நடுவில் எழுத எப்படி ஸார் நேரம் கிடைக்கிறது?" கேள்வியே கோணல். நேரத்தைத் திருடிக்கொள்ளலாம். தி. ஜானகிராமன் வானொலி உத்தியோகத்தில் இருந்துகொண்டே நாவல் எழுதினார். அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து எழுதினார். இருவருக்கும் நேரம் கிடைத்துத்தான் இருக்கிறது. கிடைக்காதது, ஓர் இடத்தில் காரியமில்லாமல் தங்குவதற்கான காசு. ராஜம் கிருஷ்ணனுக்கு அதைக் கொடுத்தது வீட்டுக்கு வந்த ஒரு மாதச் சம்பளம். அதற்குக் கைமாறாக அவர் செய்த சமையலை எந்த இலக்கிய விமரிசகரும் கணக்கில் எழுதவில்லை. கணவர் போன பிறகு கடைசிக் காலம் முதியோர் இல்லத்தில் கழிந்தது, 2014-ல் காலமானார். அவருடைய எழுத்துக்களை அவர் உயிரோடிருக்கும்போதே அரசு நாட்டுடைமையாக்கியது. சன்மானத்தை மட்டும் நம்பியிருக்கிற நாங்கள் இந்த வரிகளைப் படிக்கும்போது கொஞ்சம் மெதுவாகவே படிக்கிறோம்.

இப்போது இங்கே மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஆறு வாரமாகிறது. கதை ஒரு வரி நகரவில்லை. நேற்று ஓர் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் ராமேசுவரம் போய்விட்டு வர முடியுமா, ரயில் செலவு தருகிறோம் என்றார். வாடகைக்கும் அந்தத் தொகை சரியாக இருக்கும். நாளைக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். டீக்கடைப் பெரியவர் தோட்டத்தில் நாளைக்கு இலை பறிக்கிறார்களாம், வரச் சொல்லியிருக்கிறார்.