விளம்பர வழுவும் ஏட்டுப் பிழையும்

ஆலங்காயத்துக் கடைத்தெருவில், செருப்புக் கடையொன்றின் பெயர்ப்பலகையில் ‘அசல் தோள் செருப்பு’ என்று எழுதியிருக்கக் கண்டோம். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிடுதலாற் பேர்பெற்ற ஊர்கள். அவற்றையடுத்த ஆலங்காயத்தில் ‘தோல்’ என்னுஞ் சொல்லைப் பிழைபட எழுதுதல், நெல் விளையும் ஊரில் ‘நெல்’லைப் பிழைபட எழுதுதல் போல்வது. உடன்வந்த மாணவர் இருவருள் ஒருவர், “லகர ளகர வேறுபாடு அறியாதான் எழுதியது” என்றார். மற்றவர், “அன்று, இதனைக் கண்டு நின்று நகைப்பார் பலர், நகைத்தவர் கடையை மறவார், கருதிச் செய்ததே” என்றார். யாம் மூன்றாவது ஒன்று கூறத் துணிந்தோம். தோல் வாணிகர் மாட்டுத்தோலை முதுகுப்பகுதி, தோட்பகுதி, வயிற்றுப்பகுதி எனப் பிரிப்பர். ஆதலின் ‘தோள்’ என்பது தோட்பகுதித் தோலைக் குறித்த ஆகுபெயர் என அமைதி கூறலாமன்றோ? கூறியபின் எமக்கே நகை வந்தது. பாடம் எத்துணைச் சிதைந்திருப்பினும் அதற்கோர் அமைதி காணும் உரைகாரர் வழக்கம் எம்மையும் விட்டபாடில்லை. (புணர்ச்சி விதி வழுவாது ‘தோற்செருப்பு’ என்று எழுதியிருப்பின் இவ்வையமே எழுந்திராது, தோளாயின் அது ‘தோட்செருப்பு’ ஆகியிருக்கும்.)

அன்று அம்மாணவர் இருவரும் பகுத்த வகையிலேயே இக்காலத்து விளம்பரப் பிழைகள் அனைத்தும் பகுக்கப்படுகின்றன. ஒரு நிறுவனமோ அரசியற் கட்சியோ தன் விளம்பரத்தில் வழுவுமாயின், உடனே மக்கள் இருபாற்படுவர். அறியாது செய்தது என்பார் ஒருசாரார். பேர் பரவுதற்பொருட்டு அறிந்தே செய்த சூழ்ச்சி என்பார் மற்றொரு சாரார். முன்னதைக் கருதாப் பிழை என்றும் பின்னதைக் கருதிய பிழை என்றும் ஈண்டு வழங்குவோம். இவ்விரண்டனையும் பிரித்தறிதற்கு நெறியுண்டா, அன்றி ஒவ்வொருவரும் தத்தம் விருப்பு வெறுப்பிற்கேற்பச் சொல்லுவதுதானா என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

தமிழ் பயில்வார்க்கு இவ்வினா புதியதன்று. வழுவினையும் வழுவமைதியினையும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்தோதினார். நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் ‘மயங்க வைத்தல்’ என்பதனை ஒன்றாக எண்ணினார். அது குற்றமாவது, கற்பான் மயங்குதல் நூலாசிரியனுக்கு இழுக்காதலின். விளம்பரம் செய்வானுக்கோ, காண்பான் சற்றே மயங்கி நிற்றல் ஊதியமாதலும் கூடும். இவ்வேறுபாடே ஐயத்திற்கு வித்து. நூலாசிரியன் வேண்டுமென்றே பிழைசெய்தான் என்று ஒருவரும் கூறார். விளம்பரகாரனை அவ்வாறு கூறுதற்கு இடமுண்டு.

எனினும் நெறி வேண்டுவார்க்கு ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியரே வழிகாட்டுவர். 1887-ஆம் ஆண்டிற் சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலியோர் எதிர்ப்பட்ட இடர்கள் யாவரும் அறிந்தன. ஓலையில் மெய்யெழுத்துப் புள்ளி பெறாது. எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் வேறுபடா. ரகரமும் காலும் ஒருவடிவின. இவற்றாற் பிறந்த பிழைகளை நாம் ஏட்டுப்பிழை என்கின்றோம். அவ்வாறு துணிதற்கு, எழுதினோன் நல்லன் என்னும் நம்பிக்கையைச் சான்றாகக் கொள்ளுவதில்லை. பிழை வந்த வழியைக் காட்டவல்லோம் என்பதே நமக்குச் சான்று. இடைச்செருகலின் இயல்போ வேறு. அது சூழலொடு பெரிதும் இயைந்து நிற்கும். இயைய வேண்டுமென்றே இயற்றப்பட்டது ஆதலின். பொருளொடு பொருந்தாது துருத்தி நிற்கும் பாடத்தை ஏட்டுப்பிழை என ஐயுறுகின்றோம். வேண்டிய இடத்தில் வேண்டியவாறே வந்து அமரும் செய்யுளை இடைச்செருகல் என ஐயுறுகின்றோம். விளம்பரத்திற்கும் இவ்வளவைகளே போதும். பிழை வந்த வழி புலனாகின்றதா? அது யார் கருத்திற்கு மிக இயைந்து நிற்கின்றது? இவற்றொடு, திருத்தம் எப்பொழுது, எத்துணை ஆயத்தத்தொடு வந்தது என்பதனையும் சேர்த்துக் கொள்ளலாம்.

ஐயத்திற்கு இடமில்லாத இரண்டினை முதற்கண் வைத்து இவ்வளவைகளைச் சோதிப்போம். பிலிப்பைன்சில் 1992-ஆம் ஆண்டு பெப்சி நிறுவனம் புட்டிமூடிகளில் எண்களைப் பொறித்துப் பரிசுப்போட்டி நடத்தியது. மே 25-ஆம் நாள் பத்து இலட்சம் பெசோ பரிசிற்குரிய எண் 349 என அறிவிக்கப்பட்டது. அவ்வெண் பொறித்த மூடிகளோ ஏறத்தாழ எட்டு இலட்சம் வெளிப்போந்திருந்தன. கலகம் மூண்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. எண்களைத் தெரிந்தெடுத்த கணிப்பொறியின் தவறு என்று வழி காட்டப்பட்டது. திருத்தமோ தடுமாறி வந்தது. நன்மை ஒருவர்க்கும் இல்லை. இது கருதாப் பிழை. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் நடிகை பூனம் பாண்டே கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார் என்று அவர்தம் இன்ஸ்டாகிராம் பக்கமே அறிவித்தது. மறுநாள் அவரே தோன்றி, அந்நோய் பற்றிய விழிப்புணர்ச்சிக்காகச் செய்தது என்றார். முதல் அறிவிப்புச் செய்யும்போதே மறுப்பும் ஆயத்தமாக இருந்தது. அதற்குத் துணைநின்ற நிறுவனம் பின்னர், அந்நோயால் உற்றாரை இழந்தாரிடம் மன்னிப்பு வேண்டிற்று. இது கருதியது என்பதற்கு அவர்தம் வாய்மொழியே சான்று.

இடர்ப்பாடு இடைப்பட்டவற்றிலேதான். அவற்றை ஆராய்வார் பெரும்பாலும் விளைவைக் கொண்டு நோக்கத்தைத் துணிவர். 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் கோக்கக்கோலா நிறுவனம் தன் பானத்தின் பழஞ்சுவையை மாற்றியது. மக்கள் சீற்றத்திற்கு அஞ்சி ஜூலை 11-ஆம் நாள் பழையதனை மீட்பதாக அறிவித்தது. மீண்ட பழம்பானம் முன்னினும் மிகுதியாக விற்றமையின், இஃது எல்லாம் முன்னரே வகுத்த சூழ்ச்சி என்றனர் பலர். அந்நிறுவனத் தலைவர் கியோ, தாம் அத்துணை அறிவிலிகளும் அல்லர், அத்துணைச் சூழ்ச்சித்திறம் படைத்தவரும் அல்லர் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். விடை நயமுடையது. இழப்பு, சிதைந்த ஏட்டிலிருந்தும் ஒரோவழி நல்ல பாடம் பிறத்தல் போல, ஊதியமாய் முடிதலும் உலகியல். முடிந்தவாற்றைக் கொண்டு தொடங்கியவாற்றைக் கூறுதல் அளவையன்று.

தமிழ்நாட்டிலேயே இவ்வழுவாராய்ச்சி நிகழ்ந்தது, குலசேகரப்பட்டினத்து விளம்பரத்தைப் பற்றி. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் புதிய ஏவுதளத்திற்குப் பிரதமர் மோடி தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினார். அன்று காலை நாளிதழ்களில், அப்பொழுது மாநில அமைச்சராயிருந்த அனிதா இராதாகிருட்டிணன் பெயரால் ஒரு விளம்பரம் வெளிவந்தது. பிரதமர், முதலமைச்சர் படங்களின் பின்னே ஓர் ஏவூர்தி. அதன்மேற் சீன நாட்டுக் கொடி. அன்றே திருநெல்வேலிக் கூட்டத்திற் பிரதமர் இதனைச் சுட்டி, இந்திய அறிவியலாரை இழிவுபடுத்திய செயல் என்று கடிந்தார். பொருந்தாப் படம் விளம்பரத்தை வடிவமைத்தோர் தவற்றால் நேர்ந்தது, தம் கண்ணிற் படாது போயிற்று என்றார் அமைச்சர். அப்படத்தை அவர் எங்கிருந்து பெற்றனரோ என்றும், சீனாவைப் பகைநாடென இந்தியா அறிவிக்கவில்லை என்றும் கூறினார் கனிமொழி. மார்ச்சு 1-ஆம் நாள், முதலமைச்சர் பிறந்தநாளில், தமிழ்நாட்டுப் பாரதிய சனதாக் கட்சியார் அவரைச் சீனமொழியில் வாழ்த்தினர். நகைச்சுவையில் அவ்வாரம் பஞ்சமில்லை.

மேற்கூறிய அளவைகளை இதன்மேல் வைத்து நோக்குக. வந்த வழி எளிதிற் புலனாகின்றது: ஏவூர்திப் படம் வேண்டிக் கணிப்பொறியில் தேடுவார்க்குப் பல நாட்டுப் படங்களும் கலந்தே கிட்டும்; படம் பெரிது, கொடி சிறிது. ஏட்டில் ரகரமும் காலும் மயங்குதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. அடுத்து, இயைபு. ஏவுதளம் அமைதற்குத் தம் கட்சி உழைத்தது என்று நாட்டவந்த விளம்பரத்தில் அயல்நாட்டுக் கொடி அதன் கருத்திற்கே முரணாகத் துருத்தி நிற்கின்றது. ஆயத்தமான திருத்தமும் இல்லை. ஆகவே இது கருதாப் பிழை என்பதே எம் துணிபு. பிழையால் விளைந்த விளம்பரம் முழுதும் செய்தார்க்கன்றிச் சுட்டியார்க்கே ஆயிற்று என்பதும் நோக்கற்பாலது. அதுபற்றி, சுட்டியாரே அப்பிழையைச் செய்வித்தார் என்று ஒருவரும் கூறாமை, விளைவைக்கொண்டு நோக்கத்தைத் துணியும் அளவையின் வலியின்மைக்குச் சான்று.

ஆயினும் கருதாப் பிழை என்று துணிந்த அளவில் வழக்கு முடிந்துவிடுவதில்லை. ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்பது பழமொழி. விளம்பரத்தில் எழுதினவன் ஒருவன், மெய்ப்புப் பாராதவன் ஒருவன், பெயர் கொடுத்தவன் ஒருவன் என மூவர் உளர். பழி முதலாமவன்மேல் மட்டும் சார்த்தப்படுகின்றது. அவனோ பெரும்பாலும் நாட்கூலிக்கு அமர்ந்தவன். அவன் பெயர் விளம்பரத்தில் இல்லை. ‘அறியாது நேர்ந்தது’ என்னுந் தொடர் ஏனையிருவர்க்கும் எளிதாகக் கிட்டும் வழுவமைதியாய் அமைந்துவிடுகின்றது. மெய்ப்புப் பார்த்தற்கு ஆகுஞ் செலவினும் மன்னிப்புக் கேட்டற்கு ஆகுஞ் செலவு குறைவாயின், பிழை பெருகுதற்குச் சூழ்ச்சி வேண்டுவதில்லை, அயர்வே போதும். 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில், பதஞ்சலி நிறுவனம் நாளிதழ்களில் வெளியிட்ட மன்னிப்பு முன்னை விளம்பரங்களின் அளவிற்கு ஒத்ததா என்று உச்ச நீதிமன்றம் வினவியது இக்கருத்தானே. அது பிழையன்று, மயக்கும் விளம்பரம் பற்றிய வழக்கு. எனினும் திருத்தத்தையும் அளந்து பார்க்கும் வினா இங்கும் பொருந்தும்.

சட்டநூலார் இதனை நுனித்துணர்ந்தனர் போலும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மயக்கும் விளம்பரத்தை நால்வகையாற் கூறுகின்றது. பொய்யாக விரித்துரைத்தல், பொய்யுறுதி கூறுதல், முறையற்ற வாணிகமாய் முடியுங் கருத்தை உணர்த்துதல் என்னும் மூன்றிலும் ‘கருதி’ என்னுஞ் சொல் இல்லை. நான்காவதாகிய, இன்றியமையாச் செய்தியை மறைத்தல் என்பதில் மட்டும் ‘வேண்டுமென்றே’ என்னும் அடை உள்ளது. சொல்லியதில் வழுவினானை விளைவுபற்றியும், சொல்லாது விடுத்தானை நோக்கம்பற்றியும் வினவுக என்பது இதனாற் போதரும். பதிப்பாசிரியர்க்கும் இது உடன்பாடே. எழுத்துத் திரிபிற்கு வழி காட்டிவிடலாம். ஓர் அடி முழுதும் விடுபட்டிருப்பின், கண் தாவியதா கை மறைத்ததா என்னும் வினா எழாமற் போகாது.

இந்நுண்மை ஆலங்காயம் அடங்கிய திருப்பத்தூர் மாவட்டத்திலேயே சோதனைக்கு வந்தது. ஆம்பூர்ப் பிரியாணிக்குப் புவிசார் குறியீடு பெறுங் கருத்தொடு, 2022-ஆம் ஆண்டு மே 13 முதல் 15 வரை ஆம்பூரிற் பிரியாணித் திருவிழா நடக்கும் என்று மாவட்ட நிருவாகம் விளம்பரஞ் செய்தது. இருபதின் மேற்பட்ட வகைகள் உண்டென்றனர்; மாட்டிறைச்சிப் பிரியாணி அவற்றுள் இல்லை. தோல் பதனிடும் ஊர்களில், தோல் எவ்விலங்கினதோ அவ்விலங்கின் இறைச்சி பலர்க்கு அன்றாட உணவு. அவ்வுணவை உண்பார் பெயரைத் தன் பெயரோடு கொண்ட திருவிழாவில் அதற்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. தாமே மாட்டுப்பிரியாணி சமைத்து விழாவிடத்து இலவசமாக வழங்குவோம் என்று சில அமைப்பினர் அறிவித்தனர். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், இவ்விலக்கினை ஏன் பாகுபாடாகக் கொள்ளலாகாது என்று மாவட்ட ஆட்சியரை வினவி அறிவிக்கை விடுத்தது.

இதனைக் கருதாப் பிழை என்பார்க்கு வந்த வழி காட்டுதல் அரிது. இருபது வகையை எண்ணி எழுதிய கை, அவ்வூரில் நாடோறும் விற்கும் ஒன்றினைத் தாவிற்று என்றல் பொருந்தாது. விளம்பரச் சூழ்ச்சி என்பார்க்கோ, சூழ்ந்தார் பெற்ற ஊதியம் எதுவென்று காட்டுதல் அதனினும் அரிது. கருதியே விடுத்தனர், ஆனால் பேர்பெறக் கருதியன்று, பூசலுக்கு அஞ்சி எனலாம். அஞ்சிய பூசலே வந்தது. நம் மாணவர் இருவர் விடையும் இவ்விடத்துப் பயன்படவில்லை.

மே 12-ஆம் நாள் விழா ஒத்திவைக்கப்பட்டது. கனமழை எச்சரிக்கை காரணமாகக் கூறப்பட்டது. அவ்வாரம் வங்கக்கடலில் அசானிப் புயல் இருந்தது உண்மையே. ஆகவே மழையைப் பொய்யென்று தள்ளுதற்கு இல்லை. ஆயினும், சீர்தளை சிதையாது, பொருளும் கெடாது, வேண்டிய இடத்தில் வேண்டியவாறே வந்தமர்ந்த அடியினை ஐயுறப் பழகியவர் நாம். ஆணையத்தின் அறிவிக்கையும் மழையைப் பற்றி ஒன்றும் வினவவில்லை. விடுபட்ட அவ்வொன்றினையே வினவியது.