சாய்ந்து எழும் வண்டி

ரிமோட் கார் ஓடும்போது கூட்டம் வேகத்தைத்தான் பார்க்கும். ரிமோட் பைக் வந்துவிட்டால் பார்க்க வேண்டியது வேறு. நேர்ச்சாலையில் அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது பெரிய விஷயமே இல்லை. திருப்பம் நெருங்கும்போது எந்த இடத்தில் சாய ஆரம்பிக்கிறது, ஒரே சீராகச் சாய்கிறதா, திருப்பம் முடிந்ததும் தள்ளாடாமல் நிமிர்கிறதா என்பதில்தான் வண்டிக்காரரின் கைவேலை தெரியும். கடையில் வாங்கிய வண்டியையும், பொறுமையாகக் கழற்றி மாட்டிச் சீர்செய்த வண்டியையும் அடுத்தடுத்து ஓடவிட்டால், விஷயம் தெரியாதவர் கண்ணும் இரண்டாவது வண்டியிடமே போய் நிற்கும். ஏன் என்று மட்டும் சொல்லத் தெரியாது.

இந்த வண்டிகள் புதியவை அல்ல. 1980களிலேயே ஜப்பானின் கியோஷோ எட்டில் ஒரு பங்கு அளவில் ‘ஹேங் ஆன் ரேசர்’ என்ற ரேஸ் பைக்கை விற்றது. இத்தாலியின் நுவோவா ஃபாவோர், தைவானின் தண்டர் டைகர் இரண்டும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்தன. 2023இல் அமெரிக்காவின் லோசி நான்கில் ஒரு பங்கு அளவில் ‘ப்ரோமோட்டோ’ என்ற மண்சாலை பைக்கைக் கொண்டுவந்த பிறகு, கார் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஆனாலும் இது சிறு கூட்டம்தான். காரணம் எளிது. கார் தானே நிற்கும், பைக் நிற்காது.

அதிலும் சின்ன பைக்கை நிறுத்துவது பெரிய பைக்கை நிறுத்துவதைவிடக் கடினம். துடைப்பத்தை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திச் சமாளித்துவிடலாம், பென்சிலை நிறுத்த முடியாது. உயரம் குறையக் குறைய விழும் நேரமும் குறைகிறது, உயரத்தின் வர்க்கமூலக் கணக்கில். ஐந்தில் ஒரு பங்கு பைக், பெரிய பைக்கைவிட இரண்டே கால் மடங்கு சீக்கிரம் விழும். நாம் பார்த்து, யோசித்து, ரேடியோவில் விரலை அசைப்பதற்குள் அது படுத்துவிடும். ஆகவே நிமிர்ந்து நிற்கும் பொறுப்பை ஓட்டுபவரிடம் விட முடியாது. அந்த அறிவு வண்டியின் உடம்பிலேயே இருந்தாக வேண்டும். மாடல் பைக்கைச் சீர்செய்வது என்றால் அந்த அறிவைத் தீட்டுவது.

பைக் திரும்புவது எப்படி என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டிலை முதலில் ஒரு நூலளவு வலப்பக்கம் தட்ட வேண்டும். சக்கரம் வலப்பக்கம் ஓட, வண்டியின் மேல்பாகம் இடப்பக்கம் சாயும். சாய்ந்த உடனே முன்சக்கரம் தானாகவே இடப்பக்கம் திரும்பி, விழுகிற வண்டியைத் தாங்கிப் பிடித்து வளைவில் கொண்டுபோகும். சென்னையில் தினமும் மறைமலை அடிகள் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிற ஒவ்வொரு பைக்காரரும் இதைத்தான் செய்கிறார், செய்வது தெரியாமலே. ரைட் சகோதரர்களில் மூத்தவர் வில்பர் இதைக் கவனித்து, சைக்கிள் ஓட்டுபவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். முதல் கேள்வியிலேயே முழுவதையும் சரியாகச் சொன்னவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

மாடல் பைக்கில் அந்த முதல் தட்டலைத் தருவது சர்வோ என்ற சிறு மோட்டார். அது தட்டிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். ஃபோர்க்கை இறுகப் பிடித்துக்கொண்டால் முன்சக்கரம் தானாகத் திரும்ப வழியில்லாமல் வண்டி அடுத்த நொடி தரையில் கிடக்கும். அதனால்தான் சர்வோவுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் வைக்கிறார்கள். எவ்வளவு மென்மையான ஸ்பிரிங் என்பதில் இருக்கிறது வண்டியின் குணம். பழைய பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கைப் போட்டு, ஒவ்வொரு சுற்றாக வெட்டிப் பார்க்கும் ஆட்கள் உண்டு. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும். ஒரு சுற்று அதிகமாக வெட்டிவிட்டால் வண்டி வெடுக்கென்று சாயும். குறைவாக வெட்டினால் யோசித்து யோசித்துச் சாயும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைக் காதுக்கும் கண்ணுக்கும் தவிர வேறு எந்தக் கருவிக்கும் தெரியாது.

அதற்கும் முன்பு கோன் செட், அதாவது ஸ்டீரிங் தண்டைத் தாங்கும் பேரிங். சைதாப்பேட்டை மெக்கானிக் கடை வாசலில் நின்று பார்த்தால் இந்தக் காட்சி தினமும் கிடைக்கும். மெக்கானிக் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒரே விரலால் மெல்லத் தள்ளுவார். நடுவில் ‘டக்’ என்று நின்றால் கோன் செட் போய்விட்டது என்று அர்த்தம். மாடல் பைக்குக்கும் இதே பரிசோதனைதான். மேசை மேல் முன்சக்கரம் தரை தொடாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வண்டியைச் சற்றே ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். ஃபோர்க் தன் எடையாலேயே அந்தப் பக்கம் விழ வேண்டும். பாதியில் நின்றால் அங்கே உராய்வு இருக்கிறது. பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு பால் பேரிங் போட வேண்டும். கெட்டி கிரீஸை அடைத்தால் போட்ட பேரிங் வீண். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். காசு கொடுத்துச் செய்யும் எல்லா மேம்பாடுகளிலும் மிகக் குறைந்த செலவு இதற்குத்தான், மிகப் பெரிய பலனும் இதற்குத்தான் என்பது என் தீர்மானமான கருத்து.

அடுத்தது டிரெயில். ஸ்டீரிங் தண்டின் கோட்டைத் தரை வரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் போய் விழும். அந்த இடைவெளிதான் முன்சக்கரத்தை ஸ்டீரிங் கோட்டுக்குப் பின்னால் இழுபட்டு வரச் செய்வது. பெரிய ரேஸ் பைக்கில் ஏறத்தாழ 100 மி.மீ. இருக்கும், ஐந்தில் ஒரு பங்கு மாடலில் 20 மி.மீ. ஃபோர்க் குழாய்களை கிளாம்பில் ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற்றிப் பூட்டினால் முன்பக்கம் தாழ்ந்து, டிரெயில் குறைந்து, வண்டி சுறுசுறுப்பாகும். இங்கே ஒரு மில்லிமீட்டர் என்பது பெரிய வண்டியில் ஐந்து மில்லிமீட்டர். அதனால் ஸ்குரூவைத் தளர்த்தி முடுக்குவதற்குள் வேறு வண்டியே கிடைத்துவிடும்.

எடை வைப்பதில் கார்க்காரர்களின் பழக்கம் இங்கே ஏமாற்றும். காரில் பேட்டரி எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பைக்கில் எடையை ஒரேயடியாகத் தரைக்கு இறக்கினால், டயரின் அகலத்தால் அதே திருப்பத்துக்கு வண்டி இன்னும் கூடுதலாகச் சாய வேண்டிவரும், பக்கவாட்டுக் கம்பி சீக்கிரம் தரையில் உரசும். முன்பின் எடைப் பங்கீடும் அப்படித்தான். 2011இல் கார்னெல், டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு விநோதமான சைக்கிளைக் காட்டினார்கள். சக்கரம் சுழல்வதால் வரும் கைரோ விளைவும் அதில் நீக்கப்பட்டிருந்தது, டிரெயிலும் நீக்கப்பட்டிருந்தது. ஆனாலும் தள்ளிவிட்டால் ஆளில்லாமல் தானே நிமிர்ந்து ஓடியது. முன்பக்க எடையைச் சரியான இடத்தில் வைத்திருந்ததே அதற்கு முக்கியக் காரணம். பேட்டரியை ஒரு விரற்கடை முன்னே நகர்த்திப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. பணம் கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் அதைச் செய்து பார்க்க வேண்டும்.

டயருக்கு வருவோம். இங்கேதான் கைப்பழக்கம் நன்றாகத் தெரியும். ரப்பருக்குள் ஸ்பாஞ்சை வைத்து, விளிம்பை ரிம்மின் பள்ளத்தில் உட்கார வைத்து, ஃபெவிக்விக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்ட வேண்டும். ஒரு இடத்தில் ஸ்பாஞ்ச் மடிந்திருந்தாலும் வேகத்தில் வண்டி உதறும். ஒட்டிய பிறகு பேலன்ஸ். சக்கரத்தை மெல்லிய கம்பியில் கோத்து இரண்டு டம்ளர்களின் விளிம்பில் வைத்துச் சுற்றிவிட்டு, நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். எடை கூடிய பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிர்ப்பக்கம், ரிம்மின் உட்புறத்தில், சால்டரிங் ஈயக்கம்பியில் ஒரு அரிசியளவு வெட்டி ஒட்டி மறுபடி சுற்ற வேண்டும். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும். நன்றாக பேலன்ஸ் செய்த சக்கரம் கடைசிச் சுற்றில் எந்தப் பக்கம் போவதென்று தயங்காது, பின்வாங்காது, அப்படியே ஓய்ந்துவிடும். அந்த ஓய்தலைப் பார்ப்பதே ஒரு சுகம்.

சைதாப்பேட்டையில் இருப்பவருக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வசதி உண்டு. மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடந்தால் ரிச்சி தெரு. கனெக்டர், ஒயர், ஈயம், சார்ஜர் எல்லாம் அங்கே கிடைத்துவிடும். எதிர்த்திசையில் அடையாற்றைத் தாண்டினால் ஈக்காட்டுத்தாங்கலும், 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையும். வண்டியோடு வந்த அச்சு இரண்டு முறை விழுந்தால் வளைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைத்தால் அச்சு விலையைவிட அனுப்பும் கூலியும் சுங்கமும் அதிகம். ஒரு லேத் பட்டறையில் இ.என். 24 கம்பியைக் கொடுத்து அளவு சொன்னால் அதைவிட நல்ல அச்சு கிடைக்கும். பெரிய பெரிய ஷாஃப்ட் கடைகிறவர்கள் பென்சில் பருமனுள்ள இந்த வேலையை முதலில் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பேரிங்கைக் கையில் கொடுத்து, “தட்டாமல் உள்ளே போகணும், போன பிறகு ஆடக் கூடாதுண்ணே” என்று சொல்லிவிட்டால் போதும். அது அவர்களுக்குப் பழகிய சவால். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை விரல் நுனியில் உணர்கிற மனிதர்கள் அவர்கள்.

கைரோவைப் பற்றி என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் கனமான ஒரு சக்கரம் உள்ளே சுழன்று வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது. சிலவற்றில் அது பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். ப்ரோமோட்டோவில் அதைச் சுழற்றத் தனி மோட்டாரே உண்டு. மண்மேட்டில் தாவி இறங்கும் வண்டிக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் தார்த்தரையில் ஓடும் ரேஸ் பைக்கில் கைரோவின் பிடி அதிகமானால் சாய்வு செத்துவிடுகிறது. வண்டி விழாது, உண்மை. விழக்கூடும் என்ற உணர்வும் போய்விடுகிறது. கோன் செட், ஸ்பிரிங், டயர் மூன்றையும் ஒழுங்காகச் செய்தவர், கனமான சுழல்சக்கரத்துக்குப் பதில் இலேசானதைப் போட்டுப் பார்க்கட்டும். மெதுவாக ஓட்டும்போது வண்டி விழும். வேகம் எடுத்த பிறகு அது திருப்பத்தில் இறங்கும் அழகுக்கு அந்த விலை தகும்.

மோட்டார் கடைசி. எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான், அதுதான் எனக்கு மனத்தாங்கல். இரண்டு செல் பேட்டரியை எடுத்துவிட்டு மூன்று செல் போட்டால் வேகம் ஒன்றரை மடங்காகும், மோதும்போது வண்டி வாங்கும் அடி இரண்டே கால் மடங்காகும். அந்த வேகம் தேவையே இல்லை. பெரிய பைக் 90 கி.மீ. வேகத்தில் ஒரு வளைவில் எவ்வளவு சாயுமோ, அந்த வளைவையும் ஐந்தில் ஒன்றாகச் சுருக்கினால் மாடல் பைக் 40 கி.மீ. வேகத்திலேயே அவ்வளவு சாய்ந்துவிடும். ஐந்து மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 25 கி.மீ. போனாலே 45 டிகிரி சாய்வு. ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் போதும்.

குறைத்துக் குறைத்து வண்டியைத் தேற்றுவது சென்னைக்குத் தெரிந்த வித்தைதான். போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் ரேஸ் நடந்த நாட்களிலும், 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகும், டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் சிலிண்டர் துளைகளை அரத்தால் இழைத்து இழைத்துப் பலம் சேர்த்தவர்கள் இருந்த ஊர் இது. வெறும் 98 சி.சி. ஆர்.எக்ஸ். 100 அப்படிக் கைபட்டுப் பறந்தது. அதே பொறுமை, அதே அரம், இன்னும் சிறிய வண்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயின்ட்டில் ஒரு நுட்பம். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் உறைக்கு உட்புறமாகத்தான் வண்ணம் அடிப்பார்கள், விழுந்து சிராய்த்தாலும் வண்ணம் போகாது. அதனால் வரிசை தலைகீழ். எண்ணும் கோடும் முதலில், பின்னணி நிறம் கடைசியில். மேலே உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கும் கவனம் வேண்டும். கழுத்தை வெட்டி, ஒரு சிறு தண்டில் ஏற்றி ஸ்டீரிங்கோடு இணைத்துவிட்டால், திருப்பம் வரும்போது தலை உள்பக்கம் திரும்பும். நிஜ ரேஸர் பார்ப்பதும் அங்கேதான். அந்த ஒரு அசைவில் பொம்மைக்கு உயிர் வந்துவிடும்.

நம் ஊர் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திர மதியத்தில் லித்தியம் பேட்டரியை ஸ்கூட்டர் டிக்கியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அது தீப்பிடிக்கக்கூடிய பொருள். சார்ஜ் செய்யும்போது பக்கத்தில் இருங்கள். ஓட்டாமல் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பேரிங்குகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் பொங்கலுக்குத் துருவோடுதான் எடுப்பீர்கள்.

புதிதாக வாங்குபவர்கள் செலவை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் ஸ்டீரிங் பேரிங், பிறகு டயர், பிறகு அச்சு, பிறகு நல்ல சர்வோ. தெருவில் ஓட்டாதீர்கள், குழந்தைகளும் நாய்களும் குறுக்கே வரும். மூடிய மைதானமோ மொட்டை மாடியோ பாருங்கள். ஒரு வட்டத்தில் இடமும் வலமும் விழாமல் ஓட்டக் கற்ற பிறகும் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மாற்றுங்கள். பெரும்பாலும் தோன்றாது.