கவராயம் பந்தில் வரையும் வட்டம்

பள்ளிக்கூட அளவியல் பாடத்தில் வரும் புறப்பரப்புச் சூத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கண்ணுக்கே தெரியும். உருளையின் பக்கத்தை நெடுக வெட்டி விரித்தால் செவ்வகம், ஆகவே 2πrh. கூம்பைச் சாயுயரம் வழியே வெட்டி விரித்தால் வட்டக்கோணப்பகுதி, ஆகவே πrl. கோளம் மட்டும் விரிய மறுக்கிறது. சாத்துக்குடித் தோலை எவ்வளவு பக்குவமாக உரித்தாலும் மேசையில் தட்டையாகப் படியாது. ஓரம் கிழியும், இல்லையென்றால் நடு எழும்பி நிற்கும். அப்படி விரியாத ஒன்றுக்கு 4πr² என்று இத்தனை சுத்தமான விடை. கோளத்தை நடுவில் அறுத்தால் தெரியும் வட்டத்தைப் போல, கூடாமல் குறையாமல், நான்கு மடங்கு. மாணவர்கள் அந்த 4-ஐ மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கோ அந்த 4 வந்த வழிதான் சூத்திரத்தைவிட அழகு.

வழியைத் திறந்தவர் ஆர்க்கிமிடீஸ். ‘கோளமும் உருளையும்’ என்ற நூலின் முதல் புத்தகத்தில், 33ஆம் தேற்றமாக இந்த நான்கு வட்டக் கணக்கு வருகிறது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அதற்குச் சற்றுத் தள்ளி, 42, 43ஆம் தேற்றங்களில். கோளத்தின் ஒரு பக்கத்தைத் தொப்பி போலச் சீவி எடுங்கள். தொப்பியின் உச்சியிலிருந்து விளிம்புக்கு ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டையே ஆரமாக வைத்து ஒரு வட்டம் வரைந்தால், வட்டத்தின் பரப்பும் தொப்பியின் வளைபரப்பும் சமம். அவர் சொல்வது இவ்வளவுதான்.

இதை ஒரு கவராயத்தின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 6 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் பந்து ஒன்று. கவராயத்தை 3 செ.மீ. அகலம் திறந்து, முள்ளைப் பந்தின் மேல் ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு திறப்பை மாற்றாமல் முள்ளைக் காகிதத்தில் ஊன்றி இன்னொரு சுற்று. காகிதத்து வட்டத்தின் பரப்பு 9π, அதாவது சுமார் 28.3 சதுர செ.மீ. பந்தின் மேல் அடைபட்ட பரப்பும் அதே 9π. பந்தின் மேல் விழுந்த கோடு சிறியது. அதன் ஆரம் 2.6 செ.மீ. கூட வராது. விளிம்பு சுருங்கியதால் போன பரப்பை உப்பல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, பைசா பாக்கி இல்லாமல்.

பந்தை மாற்றினாலும் கணக்கு மாறாது. கால்பந்தின் மேல் சுற்றினாலும் 9π, உலக உருண்டையின் மேல் சுற்றினாலும் 9π. இப்போது எதிர்த்திசையில் போவோம். பந்து சிறுக்கச் சிறுக்க, அதே 3 செ.மீ. திறப்பு பந்தை மேலும் மேலும் விழுங்கிக்கொண்டு போகும். விட்டம் சரியாக 3 செ.மீ. ஆகும்போது கவராயத்தின் மறுகால் எதிர்முனையிலேயே போய் விழும். (நேரான கால்கள் அவ்வளவு தூரம் சிரமமில்லாமல் எட்டாது; கடைசிப் பகுதியை மனத்தால் வரைந்துகொள்ளுங்கள்.) முழுப் பந்தும் உள்ளே வந்துவிட்டது, பரப்பு இன்னும் 9π-தான். ஆனால் திறப்பு இப்போது பந்தின் ஆரம் அல்ல, விட்டம். ஆரத்தைப் போல இரண்டு மடங்கு. இரண்டின் வர்க்கம் 4. கோளத்தின் புறப்பரப்பு என்பது அதன் விட்டத்தை ஆரமாகக் கொண்டு தரையில் வரைந்த வட்டம், அவ்வளவே.

இன்னொரு நுணுக்கமும் உண்டு, இதைப் பாடப்புத்தகங்களில் நான் பார்த்ததில்லை. 6 செ.மீ. பந்துக்கே திரும்புவோம். சீவிய தொப்பியின் விளிம்பில் மூன்று பரப்புகளை வைக்கலாம்: விளிம்பை மூடும் தட்டையான வட்டத்தகடு; அதே விளிம்பில் நின்று தொப்பியின் உச்சியைத் தொடும் கூம்பு; அதற்கும் மேலே உப்பி நிற்கும் தொப்பி. விளிம்பின் ஆரத்தை a என்றும் கவராயத் திறப்பை c என்றும் வைத்தால், தகடு π×a×a, கூம்பு π×a×c, தொப்பி π×c×c. படிக்கு ஒரு a விலகி, அந்த இடத்தில் ஒரு c வந்து உட்காருகிறது. எண்ணில் சொன்னால் சுமார் 21.2, 24.5, 28.3. பெருக்குத்தொடர்! வளைவே இல்லாதது, ஒருபக்கம் மட்டும் வளைந்தது, எல்லாப் பக்கமும் வளைந்தது என்று மூன்றும் மூன்று சாதி. ஆனாலும் ஒரே விகிதத்தில் படியேறுகின்றன.

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற பழைய பாடத்தை இதோடு சேர்த்தால், c-யின் வர்க்கம் தொப்பியின் உயரத்தை விட்டத்தால் பெருக்கியதற்குச் சமம் என்று வரும். அப்படியானால் ஒரே பந்தில் தொப்பியின் பரப்பு உயரத்தை மட்டுமே பொறுத்தது. சாத்துக்குடியைச் சம கனத்தில் வில்லை வில்லையாக நறுக்கினால், நடு வில்லைக்கும் ஓரத்துக் குட்டி வில்லைக்கும் தோல் சமம் என்பது இதிலிருந்து விழுவதுதான்.

ஆர்க்கிமிடீஸ் தேற்றத்தை நிறுவிய விதம் கடினமானது. கூம்பின் இடைக்கண்டங்களை அடுக்கிக் கோளத்தை நெருக்கி, விடை இதைவிட அதிகமாகவும் இருக்க முடியாது, குறைவாகவும் இருக்க முடியாது என்று இரண்டு பக்கமும் கதவடைப்பார். மதிக்கலாம், ரசிப்பது கொஞ்சம் சிரமம். அவருக்கு யோசனை வந்த வழி வேறு. 1906இல் கான்ஸ்டாண்டினோபிளில், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே ஜெபங்கள் எழுதப்பட்ட ஒரு தோல்சுவடியில் ஹைபெர்க் என்ற டேனிஷ் அறிஞர் அதைப் படித்தெடுத்தார். வட்டம் என்பது சுற்றளவை அடியாகவும் ஆரத்தை உயரமாகவும் கொண்ட முக்கோணத்துக்குச் சமம். நம் பழைய தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரம் அரை விட்டத்தால் அரைச் சுற்றளவைப் பெருக்கச் சொல்வதும் இதே கணக்குதான். வட்டத்துக்கு முக்கோணம் என்றால், கோளத்துக்கு அதன் புறப்பரப்பை அடியாகவும் ஆரத்தை உயரமாகவும் கொண்ட கூம்பு இருக்க வேண்டும் என்று ஆர்க்கிமிடீஸ் ஊகித்தார். கனஅளவை முன்பே கண்டுபிடித்திருந்தார். அதிலிருந்து பரப்பு தானாக வந்தது. பாடத்தில் நாம் பரப்பை முதலிலும் கனஅளவைப் பிறகும் படிக்கிறோம். கண்டவர் கண்ட வரிசை நேர்தலைகீழ்.

தன் கல்லறையில் உருளைக்குள் கோளம் அடங்கிய உருவத்தைப் பொறிக்கச் சொன்னார் என்பார்கள். என்னைக் கேட்டால் அதன் பக்கத்தில் ஒரு கவராயத்தையும் செதுக்கியிருக்கலாம்.