கல்யாண் கேம்பும் செவ்வாய்க் குடியேற்றமும்

கல்யாண் ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ பிடித்து உல்லாஸ்நகர் என்று சொன்னால் வண்டி கிளம்பாது. "எந்த கேம்ப்?" என்று ஓட்டுநர் கேட்பார். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்கள் தங்கிச் செல்வதற்காக ஆங்கில அரசு கட்டிய முகாமின் எண்கள் அவை. பிரிவினைக்குப் பிறகு சிந்து மாகாணத்தை விட்டு வந்தவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்த பாரக்குகளில்தான் குடியமர்த்தப்பட்டார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி வந்து அடிக்கல் நாட்டி, உல்லாஸ்நகர் என்று பெயர் வைத்தார். முக்கால் நூற்றாண்டு கடந்தும் ஊரின் நாக்கில் கேம்ப் என்பதே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டிலிருந்து பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து புத்தகம் படிக்கிறேன். வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், படிப்பது ஆங்கிலத்தில். அவர்கள் விரும்பிக் கொண்டுவருபவற்றில் பாதி ஒரே வகைக் கதைகள். வெப்பமும் வறட்சியும் வெள்ளமும் பூமியைத் தீர்த்துவிட்டன, பெரியவர்கள் தோற்றுவிட்டார்கள், இளையவர்கள் சிலர் கப்பலேறி வேறொரு கோளில் புதிதாக ஒரு சமூகத்தைக் கட்டப் போகிறார்கள். இந்தக் கதைகளை நானும் சேர்ந்து படிக்கப் படிக்க, மனம் திரும்பத் திரும்ப அந்த ஐந்து கேம்புகளுக்குப் போய்விடுகிறது. பேரழிவுக்குப் பின் ஒரு கூட்டம் முன்பின் தெரியாத இடத்தில் இறங்கி வாழத் தொடங்குவது என்றால் என்ன என்பதற்கு, எங்களுக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவிலேயே விடை இருக்கிறது.

முதலில் இந்த வகையின் பலத்தைச் சொல்ல வேண்டும். அது சிறியதல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. கல்யாணில் உல்லாஸ் ஆறும் வால்துனியும் தெருக்களுக்குள் வந்தன. இன்று பதினாறு வயதாகிற பிள்ளை அதைக் கண்டதில்லை. ஆனால் 2019 ஜூலை 27 அன்று மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவே வெள்ளத்தில் நின்றதையும், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படகுகளில் மீட்டதையும் அது தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் லோக்கல் ரயில் நிற்கும், பள்ளி மூடும். பாடப்புத்தகத்தில் காலநிலை மாற்றம் ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்தக் கேள்விக்கும் தன் வீட்டு வாசலில் நிற்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை, யார் மீது கோபப்பட வேண்டும் என்பதை, அந்தப் பிள்ளையிடம் எந்தப் பெரியவரும் நேராகப் பேசுவதில்லை. இந்தக் கதைகள் பேசுகின்றன. நாங்கள் கெடுத்தோம், நீங்கள் சுமக்கிறீர்கள் என்று ஒப்புக்கொள்கின்றன. முடிவெடுக்கும் இடத்தில் பதினைந்து வயதை உட்கார வைக்கின்றன. அது பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை. அவர்கள் அதை உடனே உணர்ந்துகொள்கிறார்கள்.

இன்னொரு பலம் உழைப்பு. ராபர்ட் ஹைன்லைன் 1950இல் எழுதிய 'ஃபார்மர் இன் தி ஸ்கை' இந்த வகைக்கு மூத்த கதைகளில் ஒன்று. நெரிசலும் உணவுப் பங்கீடும் மிகுந்த பூமியிலிருந்து பில் என்ற பையன் வியாழனின் துணைக்கோளான கனிமீடுக்குக் குடியேறுகிறான். அங்கே பாறை உண்டு, மண் இல்லை. பாறையை நொறுக்கிப் பொடியாக்கி, உயிருள்ள மண்ணைக் கொஞ்சம் கலந்து, நுண்ணுயிர்கள் பரவக் காத்திருந்து, ஒரு வயலை உண்டாக்க வேண்டும். மண் என்பது செய்யப்பட வேண்டிய ஒன்று, அதற்குக் காலம் பிடிக்கும் என்று ஒரு நகரத்துப் பிள்ளைக்குக் கற்பிக்க இதைவிட நல்ல பக்கங்களை நான் பார்த்ததில்லை. அந்தக் கதையில் நிலநடுக்கம் வருகிறது, பலர் சாகிறார்கள், கனிமீடின் காற்றழுத்தம் ஒத்துக்கொள்ளாத சிற்றன்னை மகள் பெக்கியும் பிழைப்பதில்லை. குடியேற்றத்தின் விலையை ஹைன்லைன் மறைக்கவில்லை.

ஆனால் அவருக்குப் பின் வந்த பலர் மண்ணை விட்டுவிட்டு, கப்பலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2021இல் வந்த 'வாயேஜர்ஸ்' படத்தில் 2063ஆம் ஆண்டு பூமி வறட்சியாலும் நோயாலும் சீர்கெட, 86 ஆண்டுப் பயணத்துக்கு 30 பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அவர்களுக்குப் பூமியில் ஏங்குவதற்கு எதுவும் இருக்கக் கூடாதென்று மூடிய அறைக்குள் வளர்க்கிறார்கள். படம் விரைவிலேயே அதிகாரச் சண்டையில் இறங்கிவிடுகிறது. எனக்கு உறுத்தியது வேறு. ஏக்கம் இல்லாத குடியேறிகள் என்ற கற்பனையே அந்த வகையின் மையப் பழுதைக் காட்டிக்கொடுக்கிறது. பாட்டி இல்லை, ஊர் இல்லை, விட்டுவந்த கடன் இல்லை, போய்ச் சேருமிடத்தில் யாரும் இல்லை. எல்லாப் பலகைகளையும் துடைத்துவிட்டு எழுதத் தொடங்குகிறார்கள். இது கதை சொல்பவருக்கு எளிது. வாழ்ந்தவர்கள் யாருக்கும் இப்படி நடந்ததில்லை.

இந்தப் பழுதின் முதல் கூறு அறிவியல் சார்ந்தது. 1991 செப்டம்பரில் அமெரிக்காவின் அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் நுழைந்து கதவை மூடிக்கொண்டார்கள். உள்ளே காடு, வயல், சிறிய கடல். இரண்டு ஆண்டு வெளியிலிருந்து எதுவும் வாங்காமல் வாழ்வது நோக்கம். மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஆக்சிஜனைத் தின்றன. அவை வெளியிட்ட கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால், செடிகள் வழியாக ஆக்சிஜன் திரும்பி வரவும் வழியில்லாமல் போனது. ஏறத்தாழ 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் 14 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. பூச்சிகளில் மகரந்தம் பரப்புபவை செத்தன, எறும்பு பெருகியது. இத்தனையும் பூமியிலேயே, கதவைத் திறந்தால் காற்று கிடைக்கும் இடத்தில். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, மண்ணில் பெர்குளோரேட் நஞ்சு, தலைக்கு மேல் கதிர்வீச்சைத் தடுக்கும் காந்தப்புலக் குடையும் கிடையாது. எவ்வளவு கெட்டுப்போன பூமியும் செவ்வாயைவிட வாழத் தகுந்தது என்ற எளிய உண்மையை இந்தக் கதைகளில் மிகச் சில மட்டுமே ஒப்புக்கொள்கின்றன. கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'அரோரா' (2015) அதில் தலையாயது. தலைமுறை தலைமுறையாகப் பறந்துபோன கப்பல் போய்ச் சேர்ந்த இடம் மனிதரைக் கொல்ல, ஒரு பகுதியினர் பூமிக்கே திரும்புகிறார்கள். நடுவழியில் பிறந்த பிள்ளைகளிடம் யார் சம்மதம் கேட்டது என்று அந்த நாவல் கேட்கிறது. பெரியவர்களுக்கென எழுதப்பட்ட நூல்தான், ஆனாலும் பதினாறு வயதுக்காரர்கள் கையில் கொடுத்துப் பார்த்தேன். அந்தக் கேள்வியில் அவர்கள் நின்றார்கள்.

இரண்டாவது கூறுதான் எனக்கு முக்கியம். காலியான இடம் என்ற எண்ணம்.

தமிழுக்குப் பேரழிவும் குடியேற்றமும் புதிய பொருள் அல்ல. இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் தென்மதுரையும் கபாடபுரமும் கடல் கொண்ட கதைகளை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, நினைவாக எடுத்துக்கொள்ளலாம். முல்லைக்கலியில் ஒரு செய்தி வருகிறது. தன் நிலத்தைக் கடல் கொண்டதும் பாண்டியன் தளராமல் பகைவர் நாட்டின் மேல் சென்று, புலியையும் வில்லையும் நீக்கி மீன் கொடியைப் பொறித்தானாம். புலவர் அதைப் புகழாகத்தான் சொல்கிறார். ஆனாலும் ஒன்றை மறைக்கவில்லை. போன இடம் சோழனுடையது, சேரனுடையது. அங்கே முன்பே ஆள் இருந்தார்கள்.

கல்யாணிலும் அப்படித்தான். மலங்கட் சாலையில் உள்ள நேவாளியில் உலகப்போர்க் காலத்தில் விமானத்தளத்துக்காக விவசாயிகளின் நிலத்தை ஆங்கில அரசு எடுத்துக்கொண்டது. போர் முடிந்தும் நிலம் திரும்பவில்லை. 2017 ஜூனில் அந்த ஊர்க்காரர்களின் போராட்டம் வன்முறையில் முடிந்தது. வரைபடத்தில் வெறுமையாகத் தெரிந்த இடத்துக்குள் யாரோ நெல் நட்டிருந்தார்கள் என்பதை எழுபது ஆண்டுக்குப் பிறகும் மறக்காத மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள். 'காலனி' என்ற சொல்லே நம்மிடம் ஆங்கிலத்தில் இருக்கும் சாகச வாசனையோடு இல்லை. தமிழ்நாட்டில் அது ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் குடியிருப்பைக் குறித்தது. வசைச்சொல்லாகவும் ஆனது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 'விண்வெளிக் காலனி' என்று எழுதும் தமிழ் எழுத்தாளர் இந்த வரலாற்றைக் கையில் ஏந்திக்கொண்டுதான் எழுத முடியும். அது அவருக்குச் சுமை என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவருக்குக் கிடைக்காத செல்வம் அது.

உல்லாஸ்நகருக்கு வருகிறேன். அங்கே வந்திறங்கியவர்கள் ஒரே பாரக்கைத் துணித்தடுப்பால் பிரித்துப் பல குடும்பங்களாக வாழ்ந்தார்கள். ஊறுகாயும் பப்படமும் விற்றார்கள், தையல் போட்டார்கள், பிறகு மரச்சாமான், ஜீன்ஸ் என்று ஓர் ஊரையே தொழிற்கூடமாக்கினார்கள். வியக்கத்தக்க உழைப்பு. எந்த விண்வெளிக் கதையின் குடியேறிகளோடும் ஒப்பிடலாம். அதே உழைப்பின் கழிவு வால்துனிக்குள் போனது. அம்பர்நாத்தில் 1060ஆம் ஆண்டுச் சிவன் கோயிலை ஒட்டி ஓடிவரும் ஆறு, கல்யாணுக்குள் நுழையும்போது சாயமும் ரசாயனமுமாக இருக்கிறது. ஒரு வீட்டை இழந்தவர்கள் இரண்டாம் வீட்டைக் கெடுக்க மாட்டார்கள் என்பது இந்தக் கதைகளின் ஆழ்ந்த நம்பிக்கை. துன்பம் மனிதரைத் திருத்திவிடும் என்று அவை எண்ணுகின்றன. வால்துனிக் கரையில் நின்றால் அப்படித் தோன்றாது. அந்த மனிதர்கள் கெட்டவர்கள் என்பதல்ல காரணம். பிழைக்க வேண்டிய அவசரமும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு இல்லாததும், கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்காததும் சேர்ந்து செய்த வேலை. கப்பலில் ஏறும்போது இந்த மூன்றும் கூடவே ஏறிவிடும்.

மூன்றாவதாக, யார் போகிறார்கள் என்பது. கதைகளில் தேர்வு நடக்கும், திறமையுள்ளவர் ஏறுவர். வாழ்வில் தேர்வு அப்படி நடப்பதில்லை. எங்களுக்கு வடக்கே உள்ள ஷஹாபூர் தாலுகாவில் பாட்சா, தான்சா, வைதர்ணா அணைகள் இருக்கின்றன. அங்கிருந்து குழாயில் தண்ணீர் மும்பைக்குப் போகிறது. அதே ஷஹாபூரின் ஆதிவாசிப் பாடாக்களில் கோடை வந்தால் டேங்கருக்குக் குடத்தோடு நிற்கிறார்கள். தான்சா குழாயை ஒட்டிக் குடிசையிட்டிருந்தவர்களை 2017 முதல் செம்பூரை அடுத்த மாஹுலுக்கு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே, கொண்டுபோய் வைத்தார்கள். மூச்சுவிட முடியவில்லை என்று அவர்கள் வழக்காடினார்கள். 2019இல் மும்பை உயர் நீதிமன்றம், வேறிடம் தர முடியாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகையாகக் கொடுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டது. காற்று நஞ்சான இடத்துக்கு விருப்பமின்றி அனுப்பப்படுவோர், வேறிடத்துத் தண்ணீரில் வாழ்வோர் என்று கோள்விட்டுக் கோள் போகும் கதைக்குத் தேவையான எல்லாப் பாத்திரங்களும் இந்த ரயில் பாதையிலேயே இருக்கிறார்கள். கதைகளில்தான் அவர்களைக் காணோம்.

இந்தியாவில் எழுதியவர்கள் வேறு திசையில் போனதைக் கவனிக்கிறேன். மும்பையில் டாடா ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஜெயந்த் நார்லிகர், மராத்தியில் எழுதிய கதையொன்றில் இந்த நகரத்தின் மேல் பனி பொழியச் செய்தார். அதில் தீர்வு வானில் செய்யப்படுகிறது, ஆனால் காப்பாற்றப்படுவது பூமி. அனில் மேனனின் 'தி பீஸ்ட் வித் நைன் பில்லியன் ஃபீட்' (2009) 2040ஆம் ஆண்டுப் புனேயில் இளையவர்களை மரபணு அரசியலின் நடுவே நிறுத்துகிறது. பிஜல் வச்சராஜானியின் 'எ கிளவுட் கால்ட் புரா' (2019) மும்பையின் மேல் ஒரு பழுப்பு மேகத்தைக் கவிழ்த்து, பள்ளிப் பிள்ளைகளை அதோடு மல்லுக்கு நிற்க வைக்கிறது. யாரும் கப்பலேறுவதில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் சிறியவர்கள் வச்சராஜானியின் கதையை மிகவும் ரசித்தார்கள். பெரிய பிள்ளைகள் கொஞ்சம் பாடம் எடுப்பதாகச் சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானது. தங்கிப் போராடும் கதைகளுக்குச் சாகசத்தின் வேகம் எளிதில் வருவதில்லை. தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' அந்த வேகத்தைப் பூமியிலேயே காட்டியது. அதற்குப் பிறகு பதின்பருவத்தினருக்கென்றே காலநிலையை எடுத்து அந்த வேகத்தில் எழுதப்பட்ட நாவலுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

ஆகவே விண்வெளிக் குடியேற்றக் கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்க வேண்டும் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஊரை விட்டுப் போவது கோழைத்தனம் என்ற குற்றச்சாட்டையும் ஏற்க மாட்டேன். நெல்லையில் வயல் காய்ந்தபோது ரயிலேறித் தாராவியின் தோல் கிடங்குகளில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என் முன்னே அமர்ந்திருக்கிறார்கள். போனதனால்தான் பிழைத்தோம். கேட்பது ஒன்றுதான். போவதை எழுதுங்கள், போனவர்கள் எப்படிப் போனார்களோ அப்படி எழுதுங்கள்: மணியார்டர் அனுப்பியவர்களாக, தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டவர்களாக, முதலில் வந்தவனுக்கும் பின்னால் வந்தவனுக்கும் நடுவே கசப்பை வளர்த்தவர்களாக, பாட்டியை விட்டுவந்தவர்களாக.

போன மாதம் வட்டத்தில் ஆளுக்கொரு கதை எழுதச் சொன்னேன். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி எழுதியது செவ்வாயில் நடக்கிறது. குவிமாடத்துக்குள் ஐந்து கேம்புகள். மூன்றாம் கேம்பில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர். அவள் கதாநாயகி அதிகாலையில் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள், முன்னால் நிற்பவளோடு வாக்குவாதம் முற்றுகிறது, நடுவில் பூமியிலிருந்து ஆச்சியின் குரல் இருபது நிமிடம் தாமதமாக வந்து சேர்கிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டது, நீ சாப்பிட்டாயா என்று ஆச்சி கேட்கிறாள். பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது வரிசை நகர்ந்துவிடுகிறது. முடிவு இன்னும் எழுதவில்லை, அடுத்த ஞாயிற்றுக்குள் தருகிறேன் என்றாள்.